ஒன்பதாவது வயிறு

காற்றடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டிருந்த பெல்ட் ஏழாவது நிமிடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிசைனர் அப்போது செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தான். பதினொரு மணிக்கு விளையாட்டுச் சாமான் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், அவர்களுக்குக் காட்ட நல்லதாக ஒரு படம் வேண்டும் என்று தண்ணீரில் கொஞ்சம் நீல மையைக்கூடக் கரைத்து வைத்திருந்தான். சாய்ந்த பெல்ட்டைக் கையால் நிமிர்த்திவிட்டு மறுபடி போனைத் தூக்கினான். மறுபடியும் சாய்ந்தது. வலது மூலையிலிருந்து கடுகு கடுகாகக் குமிழிகள் கிளம்பி மேலே வந்தன. அவன் போனை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தான். ஹாலின் அந்தக் கோடியில் தன் மேசையில் உட்கார்ந்து கூடாரத் துணிக்கு ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வரவில்லை. கிட்டே போய்ப் பார்க்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அது எந்த நம்பர் பெல்ட் என்று மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"பத்து, அக்கா," என்றான் அவன்.

டயர் கிடங்குக்கு மேலே, வெயில் ஏற ஏற ரப்பர் வாடை படியேறி வருகிற நீளமான ஹால் அது. வேலை செய்பவர்கள் மொத்தம் ஆறு பேர். ஊர் சுற்றுகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் ஓடுகிறவர்களுக்கும் நீந்துகிறவர்களுக்கும் இதுவரை யாரும் யோசிக்காத சாமானாக யோசித்து, ஒன்றிரண்டு மாதிரி செய்து, பெரிய கம்பெனிகளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். புத்தகம் மாதிரி மடிகிற சைக்கிள் ஹெல்மெட், ஸ்டேஷனில் காத்திருக்கிறவர்களுக்கு நாற்காலியாகிற பெட்டி, காரின் தலைமேல் விரிகிற கூடாரம், கழற்றினால் தானே விசிலடிக்கிற கையுறை என்று அலமாரி நிறைய இருந்தன. கழற்றினால் ஏன் விசிலடிக்க வேண்டும் என்று கேட்டால் டிசைனர் அரைமணி நேரம் விளக்குவான். கேட்டு முடித்தவர்களுக்கு அது நியாயமாகவே படும். ஆனாலும் யாரும் வாங்கமாட்டார்கள். நாலு வருஷத்தில் அலமாரியை விட்டு இறங்கியது இந்த பெல்ட் ஒன்றுதான்.

பார்க்கச் சாதாரண இடுப்பு பெல்ட். நாலு விரல் அகலம், கறுப்பு. திறந்த தண்ணீரில் நீந்துகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொண்டால் இருப்பதே தெரியாது. ஆபத்தென்றால் பிடியை இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் விரல் நீளச் சிலிண்டர் உடைந்து, மடித்து வைத்த பை மூன்று நொடியில் ஊதி வெளியே வரும். அந்தப் பையைப் பட்டறையில் எல்லோரும் வயிறு என்றுதான் சொன்னார்கள். வயிறு ஆரஞ்சு நிறம். அதைக் கைக்குள் கட்டிக்கொண்டு ஆள் வரும்வரை மிதக்கலாம். பதினான்கு வருஷம் மழைக்கோட்டு ஃபேக்டரியில் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் வயிறு மூடுகிற வேலை அவளுடையது. இரண்டு சூட்டுத் தகடுகளுக்கு நடுவில் துணியின் ஓரங்களை வைத்து அழுத்துவாள், உருகி ஒன்றாகிவிடும். அதனால் இஸ்திரி அக்கா என்று பெயர். வீட்டில் காது மந்தமான கணவர் தினமும் சாயங்காலம், "இன்னிக்கு என்னத்த ஒட்டினே?" என்று கத்துவார். ஒரு வியாழக்கிழமை, "ஆறு வயித்த மூடினேன்," என்று பதிலுக்குக் கத்தியிருந்தாள். அவர் சிரித்தார். அவளும் சிரிக்கத்தான் செய்தாள்.

அந்த வியாழக்கிழமையை நினைக்க வேண்டாம் என்று மூன்று வாரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். நீந்துகிறவர்களுக்குக் கட்டிப்பார்க்கக் கொடுப்பதற்கான பன்னிரண்டு வயிற்றில் முதல் ஆறை முந்தின நாளே முடித்துவிட்டாள். ஏழாவதை அழுத்தி எடுத்தபோது வழக்கமாக வருகிற வாசனை வரவில்லை. சூடு சரியாக இருந்தால் புதுச்செருப்பு வாசனை வரும், ஓரத்தில் நூல் மாதிரி ஒரு மினுக்கு ஓடும். இதில் ஓரம் வெளுத்துக் கிடந்தது. மெஷினில் சூடு காட்டுகிற முள் சரியான இடத்தில்தான் நின்றது. ஆனால் அந்த முள் பொய் சொல்கிறது என்று அவள் இரண்டு தடவை டிசைனரிடம் சொல்லியிருந்தாள். அவனும் ஆள் வரச்சொல்வதாக இரண்டு தடவை சொல்லியிருந்தான். கையால் இழுத்துப் பார்த்தாள், பிடித்தது. எட்டாவது, ஒன்பதாவது, எல்லாமே கைக்குப் பிடித்தன. வயிறுகளைப் பெல்ட் தைக்கிறவரிடம் கொண்டுபோகக் கூரியர்காரர் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். அவளுக்கு முதுகு வலித்தது, பசித்தது. காரணம் என்று யாராவது கேட்டால் இதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவசரம்கூட அவளுடையது இல்லை. ஒவ்வொரு வயிற்றின் உள்மடிப்பிலும் இருக்கிற துணிச்சீட்டில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

இப்போது அவள் எழுந்து அலமாரிக்குப் போய் நோட்டை எடுத்து வந்தாள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை யாரிடம் இருக்கிறது என்று பார்த்தாள். பத்தாம் நம்பரைக் கொண்டுவந்தவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். பக்கிள் இறுக்கமாக இருக்கிறது என்று திருப்பித் தந்திருந்தார், அதனால்தான் இன்றைக்கு அது தொட்டிக்கு வந்தது. மீதி ஐந்து. ஏழிலிருந்து இருக்கிற எல்லோருக்கும் உடனே போன் செய்து கட்டவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். டிசைனர் ஏன் ஏழிலிருந்து என்று கேட்கவில்லை. அவன் கேட்காதது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. நான்கு பேர் எடுத்தார்கள். ஒருவர் வெளியூரில் இருந்தார், ஒருவர் பெட்டியையே இன்னும் பிரிக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் மட்டும் எடுக்கவில்லை. மணியடித்து மணியடித்து நின்றது.

ஒன்பதாம் நம்பர் ஒரு நர்ஸ். நாற்பத்தாறு வயது, முதுகு வலிக்கு டாக்டர் சொல்லி நாற்பத்து மூன்றில் நீச்சல் கற்றுக்கொண்டவர். அளவு பார்த்து பெல்ட்டை வாங்கிப்போக வந்த அன்று பட்டறையையே சிரிக்கவைத்துவிட்டுப் போனார். மூன்று பேர் சேர்ந்து ஊசி போட்டால்தான் அடங்குகிற ஒரு பயில்வான் நோயாளியைப் பற்றிச் சொன்னார், விசிலடிக்கிற கையுறையைப் போட்டுப் போட்டுக் கழற்றினார். இடுப்பில் பெல்ட்டைக் கட்டிவிட்டது இவள்தான். அப்போது அவர் குனிந்து பக்கிளைத் தடவிக்கொண்டே சொன்னதும் இவளிடம்தான். "இத்தனை நாளா ஏரியில கரையோரமாவே போய்ட்டு வந்துட்டிருக்கேங்கா. நடுவுல போக தைரியம் வரல. இது இடுப்புல இருந்தா ஒரு புதன்கிழமை அந்தக் கரையைத் தொட்டுட்டு வந்துடுவேன்." வாரத்தில் புதன்தான் அவருக்கு லீவு. இவள், "போய்ட்டு வாங்க சிஸ்டர்," என்று சொன்னாள். ஓரம் வெளுத்துக் கிடந்தது அப்போது நினைவுக்கு வந்ததா இல்லையா என்று அவள் பிறகு பலமுறை தன்னையே கேட்டுப் பார்த்தாள். வந்தது. வந்து, போய்விட்டது.

சுவரில் காலண்டர் இருந்தது. அதைப் பார்க்கத் தேவையில்லை, செவ்வாயின் தாளைக் காலையில் கிழித்தது அவளேதான். புதன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள், லீவு என்றார்கள். அங்கே கெஞ்சி வாங்கிய வீட்டு நம்பரில் கணவர் எடுத்தார். ஒன்பது மணிக்கே வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விட்டாள், என்ன விஷயம் என்று கேட்டார். டிசைனர், பெல்ட்டில் சின்னதாக ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருக்கிறது என்றான். சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினான். கம்பெனிக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். இன்றைக்கு இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டு நீந்துகிறார்கள், ஒருவர்கூட இழுக்கவேண்டி வந்ததில்லை. நர்ஸும் இழுக்கமாட்டார். மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று மாடல் செய்கிற தச்சரிடம் கேட்டாள். ஏரிக்குப் போகிற பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றார் அவர். அவள் அதைக் கேட்டும் படியிறங்கிப் போனாள். டயர் அடுக்குகளைத் தாண்டித் தெருவுக்கு வந்து, எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து கார் வந்து நின்றது. அவன் கதவைத் திறந்துவிட்டான். கையில் நீலமை காயாமல் இருந்தது.

நாற்பது நிமிட வழி. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் அவன் நர்ஸின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தான். ஊர் முடிந்து சாலை அகலமானது. சொல்லாமல் இன்னும் ஒரு கிலோமீட்டர் போகமுடியாது என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் இவன் வண்டியை நிறுத்திவிடுவானோ என்றும் தோன்றியது.

"அன்னிக்கு மெஷின் சூடு பிடிக்கல தம்பி," என்றாள்.

அவன் சாலையைப் பார்த்தபடியே, "எப்பத் தெரியும்?" என்றான்.

"அன்னிக்கே."

அவன் வண்டியை நிறுத்தவில்லை. முன்னால் போன லாரியை முந்தினான். முந்தி முடித்துத் தன் பக்கத்துக்கு வந்த பிறகு சொன்னான். "ராத்திரி முழுக்கக் காத்தடைச்சு வச்சுப் பாக்கணும்ல. மொத ஆறைத்தான் பாத்தேன். நல்லா இருந்துச்சு. மீதி ஆறுக்கும் பாத்ததா நானே டிக் போட்டுட்டேன்."

"நான் ஒட்டினா சரியா இருக்கும்னா?"

"இல்லக்கா. நேரமில்ல."

ஏழிலிருந்து என்று சொன்னபோது இவன் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிந்தது. புரிந்ததும் நெஞ்சில் பாரம் பாதி இறங்கின மாதிரி ஒரு கணம் இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்குக் கேவலமாகப் பட்டது. நடுத்தண்ணீரில் இருக்கிறவருக்குத் தப்பு ஒருவருடையதா இரண்டு பேருடையதா என்பதால் என்ன ஆகப்போகிறது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இழுக்கக்கூடாது, இழுக்கக்கூடாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, இழுக்கவேண்டியே வரக்கூடாது என்று மாற்றிச் சொன்னாள். அவன் போனில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டான். கம்பெனிக்காரர்கள் வந்துவிட்டார்கள் போல.

ஏரிக்கரையில் காரை நிறுத்தி இறங்கியபோதும் அவன் நர்ஸின் நம்பரைத்தான் அழுத்தியிருந்தான். எங்கேயோ பக்கத்தில் மணியடித்தது. வேலமர நிழலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது, அதன் சீட்டுக்கு அடியிலிருந்து வந்தது சத்தம். சீட்டின் மேல் மடித்து வைத்த சுடிதார், அதன்மேல் பறக்காமலிருக்க ஒரு கல், கீழே ஜோடியாகச் செருப்பு. அவன் அழைப்பைத் துண்டித்ததும் மணி நின்றது. ஏரி பெரிது. எதிர்க்கரை ஒரு பச்சைக் கோடாகத்தான் தெரிந்தது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. இருவரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்கள்.

மதகுப் பக்கமிருந்து காவலாளி வந்தார். இடது கையில் மாவுக்கட்டு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இங்கே நிற்கக்கூடாது என்று ஆரம்பித்தவர், யாரைத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டார். பத்தே கால் மணிக்குத் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்கள் என்றார். இன்றைக்கு அக்கரைக்கே போகிறேன், வேடிக்கை பாருங்கள் என்று சொன்னார்களாம். நல்ல கையை நீட்டிக் காட்டினார்.

"அதோ ஆரஞ்சுக் கலர்ல தெரியுது பாருங்க. அவங்கதான். சுகமா மிதக்கறாங்க, அரைமணி நேரமா அங்கயேதான் இருக்காங்க."

கட்டியிருந்தால் பெல்ட் கறுப்பு. வயிறு வெளியே வந்தால்தான் ஆரஞ்சு. அவள் டிசைனரைப் பார்த்தாள். அவன் ஏற்கனவே காவலாளியின் சட்டையைப் பிடித்துக்கொண்டு படகு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் அளக்கிற படகு ஒன்று இருக்கிறது, இன்ஜினியரைக் கேட்காமல் தரமுடியாது என்றார். அவள் அவர் முன்னால் போய் நின்று, அவங்க மிதக்கல அண்ணா, மூழ்கிட்டிருக்காங்க என்றாள். அதைச் சொன்ன விதத்திலோ என்னவோ அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவிவிட்டார். ஒரு கையால் சங்கிலியைக் கழற்றி, படகைத் தள்ளிவிட்டு, ஆம்புலன்சுக்குப் போன் பேசிக்கொண்டே கரையில் ஓடினார்.

டிசைனருக்கு நீந்தத் தெரியாது. நீந்துகிறவர்களுக்காக ஒரு வருஷம் மூளையைக் கசக்கியவன் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. அவளும் படகில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. அவன் இரண்டு துடுப்பையும் எடுத்துக்கொண்டான். படகு ஒரு வட்டம் போட்டுவிட்டு மறுபடி கரையைப் பார்த்து நின்றது. மறுபடி முயன்றான், மறுபடி வட்டம். அவள் ஒரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்று, ரெண்டு என்று சத்தமாகச் சொன்னாள். சொன்ன பிறகு படகு ஓரளவு நேராகப் போனது. கை தோளோடு கழன்றுவிடும் போலிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு துடுப்புப் போட்டதால் ஆரஞ்சைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பும்போதெல்லாம் வெறும் வெளிச்சம்தான். பிறகு தெரியும். பிறகு இருக்காது.

தொட்டியில் ஏழு நிமிடம். இவர் அரைமணி நேரமாக அங்கே இருக்கிறார் என்றால் எப்படி இருக்கிறார். அந்தக் கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. அங்கே தெரிவது வெறும் துணியாக இருக்குமோ என்ற நினைப்பு வந்தது. காற்றுப்போன ஆரஞ்சுத் துணி மட்டும் தண்ணீர்மேல் விரிந்து கிடப்பது மாதிரி கண்ணுக்குள் வந்துவிட்டது, எண்ணுவதை விட்டுவிட்டாள். படகு திரும்பத் தொடங்கியது. "அக்கா, எண்ணுங்க," என்றான் அவன். அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். சிஸ்டர் என்று கூப்பிட்டுப் பார்த்தாள், குரல் படகைத் தாண்டவில்லை.

கிட்டே போனபோது முதலில் கேட்டது ஒரு சத்தம். யாரோ தூரத்தில் அடுப்பு ஊதுகிற மாதிரி. நர்ஸ் மல்லாந்து கிடந்தார். முகமும் ஒரு கையும் மட்டும் தண்ணீருக்கு மேலே. பெல்ட்டின் வயிற்றில் கைவிரலளவுக்கு ஒரு குழாய் இருக்கும், சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதுவதற்கு. யாருக்கும் தேவைப்படாது என்று சொல்லிக்கொண்டே எல்லா பெல்ட்டிலும் வைப்பது. அது அவர் பல்லுக்கு நடுவில் இருந்தது. இரண்டு ஊது ஊதினார், மூக்கால் இழுத்தார், மறுபடி ஊதினார். வலது கை வயிற்றின் மூலையை மடித்து, ரத்தம் வருகிற இடத்தை அழுத்திப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்திருந்தது. அப்படியும் விரலோரம் குமிழி வந்தது. படகு வந்து இடித்ததற்கும் அவர் ஊதுவதை நிறுத்தவில்லை. கண் மட்டும் அவர்கள் பக்கம் திரும்பியது.

அக்குளுக்குள் கை கொடுத்து இருவரும் இழுத்தார்கள். படகு கவிழப் பார்த்தது. தண்ணீரோடு தண்ணீராக அவர் உள்ளே வந்து விழுந்தார். வலது காலின் ஆடுசதை கல்லாகச் சுருண்டு நின்றது. அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு குழாயை வாயிலிருந்து எடுக்கப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். படகுக்கு வந்துட்டீங்க சிஸ்டர், விடுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் விட்டார். விட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் தன் துப்பட்டாவை எடுத்து அவர் தோளைச் சுற்றினாள். ஆரஞ்சு வயிறு மட்டும் புஸ்ஸென்று இறங்கிக்கொண்டிருந்தது.

பேச்சு வர வெகுநேரம் ஆயிற்று. கால் பிடித்துக்கொண்டுவிட்டது என்றார். பிடியை இழுத்ததும் டப்பென்று வந்து நின்றது, அப்பாடா என்று கிடந்தேன், கொஞ்ச நேரத்தில் காதுக்குப் பக்கத்தில் காற்று போகிற சத்தம் கேட்டது என்றார். விட்டுவிட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு டிசைனரைப் பார்த்தார்.

"எறங்கும்போது பாறையில உரசிட்டேன் போல சார். நீங்க நம்பிக் குடுத்தீங்க, நான் கிழிச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க. ஆனா இது இல்லேன்னா நான் இன்னிக்கு இல்ல."

டிசைனர் துடுப்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "பரவால்ல மேடம்," என்றான். மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரி, "அதெல்லாம் பரவால்ல. நீங்க பொழச்சதுதான் முக்கியம்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கண்ணால் கெஞ்சினான். அதில் கெட்டது ஒன்றும் இல்லை என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது. ஆள் பிழைத்துவிட்டார். பெல்ட் காப்பாற்றியது என்று அவரே சொல்கிறார். மெஷினைச் சரிசெய்து பன்னிரண்டையும் புதிதாக ஒட்டிவிடலாம், இனிமேல் ஒவ்வொன்றையும் ராத்திரி முழுக்கப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இதை இப்படியே ஏரியில் விட்டுவிட்டுப் போனால் யாருக்கு என்ன குறைந்துவிடும். அப்படியே விட்டுவிடத்தான் அவளும் இருந்தாள். ஆனால் மடியில் கிடந்தவர் அதற்குள் பெல்ட்டைக் கழற்றி, ஈரத்தை உதறி, கிழிந்த மூலை உள்ளே போகும்படி மடித்துக்கொண்டிருந்தார். இரவல் வாங்கிய சாமானைக் கெடுத்துவிட்டவர்கள் மடிக்கிற மாதிரி மடித்தார். அதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீங்க கிழிக்கல சிஸ்டர்," என்றாள். "நான் ஒட்டினது சரியில்ல."

நர்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூலையைப் பிரித்துப் பார்த்தார். பாறை பட்டிருந்தால் துணியில் கீறல் இருக்கும். ஒரு கீறலும் இல்லை, இரண்டு ஓரமும் வெளுத்துப்போய் உதடு மாதிரி தனித்தனியாகப் பிரிந்திருந்தன. காயம் பார்த்துப் பழகிய கண் அது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குக் கட்டிவிடும்போது தெரியுமா?"

"சரியாத் தெரியும்னு சொல்ல முடியாது," என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். துண்டு துண்டாக மேகம் நகர்ந்து படகுமேல் நிழல் விழுந்து போனது. "தெரியும்," என்றாள்.

டிசைனர், தான் சோதிக்காமலே சோதித்ததாக எழுதியதைச் சொன்னான். அவசர அவசரமாக, தலையைக் குனிந்துகொண்டு, அவளைவிடத் தன் தப்புதான் பெரிது என்பது போலச் சொன்னான். நர்ஸ் அவனைத் திட்டவில்லை. வார்டில் ஏதோ தப்பாகிப்போனால் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"இன்னும் எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"மொத்தம் ஆறு," என்றாள் அவள். "ஒண்ணு திரும்பி வந்துடுச்சு. நாலு பேருக்குச் சொல்லியாச்சு."

"மீதி நானு."

டிசைனரின் சட்டைப்பையில் போன் அடித்தது, அடித்து நின்றது, மறுபடி அடித்தது. அவன் எடுக்கவுமில்லை, அணைக்கவுமில்லை. படகு தானாகவே மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கரை எந்தப் பக்கம் என்பதே ஒரு நிமிடம் அவளுக்குக் குழம்பியது. தூரத்தில் காவலாளி மாவுக்கட்டுக் கையோடு நின்று ஒரு துண்டை வீசிக்கொண்டிருந்தது பொடியாகத் தெரிந்தது. டிசைனர் துடுப்பை எடுத்தான். அவன் உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளம் கட்டி உடைந்திருந்தன. இரண்டு இழுப்பு இழுத்ததும் படகு பழையபடி வட்டமடித்தது.

நர்ஸ் அவனை எழுந்து முன்னால் போய் உட்காரச் சொன்னார். நீங்கள் போடக்கூடாது, படுத்துக்கொள்ளுங்கள் என்று அவள் தடுத்தாள். குளிருது, கை வேலை செஞ்சாத்தான் தேவலை என்று சொல்லிவிட்டு அவர் காலை இழுத்துக்கொண்டு நடுப்பலகைக்கு நகர்ந்தார். வலது கையின் இரண்டு விரலும் மூலையைப் பிடித்திருந்தபடியே மடங்கி நின்றன, நிமிர்த்த வரவில்லை. துடுப்பைப் பிடிக்க அதுவே தோதாக இருந்தது. இரண்டு துடுப்பையும் ஒரே சமயத்தில் தண்ணீரில் இறக்கி இழுத்தார். படகு முதல் தடவையாக நேராகப் போயிற்று.

துடுப்புப் போடுகிறவர் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். பின்பலகையில் இருந்தது அவள். முழங்காலும் முழங்காலும் உரசுகிற தூரம். வேறு எங்காவது நகர்ந்து உட்கார இடமில்லை, எழுந்தால் படகு ஆடும். நர்ஸ் வேறு பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை துடுப்பை முன்னால் வீசும்போதும் அந்த முகம் அவள் முகத்துக்கு வெகு அருகில் வந்தது. குழாயைக் கடித்ததில் கீழுதடு கிழிந்திருந்தது, மூக்கு நுனியில் தண்ணீர் நின்றது, மூச்சு இன்னும் அந்த ஊதுகிற கதியிலேயே வந்துகொண்டிருந்தது. இழுக்கும்போது முகம் விலகிப் பின்னால் போனது. மறுபடி அருகில் வந்தது. கரை இன்னும் வெகுதூரம் இருந்தது.